கொழும்பின் கையில் பிழையில்லை

1

இந்த நாட்டில் யாருக்குக் கொண்டாட்டமோ அவரே கேக் கொண்டுவர வேண்டும். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. ஆய்வுகூடத்தில் என் முதலாவது பிறந்தநாளன்று யாராவது ஏதாவது கொண்டுவருவார்கள் என்று பின்னேரம் வரை காத்திருந்தேன். நான் கொண்டுவருவேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் எல்லோரும் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இப்போது பழகிவிட்டது. ஜேர்மனியின் சிறிய பல்கலைக்கழக நகரம் ஒன்றில், ஒரே ஆய்வுகூடத்தில், தொழில்நுட்பவியலாளராக எனக்கு இருபது வருடம் நிறைந்த அன்று லவ் கேக் செய்து கொண்டுபோனேன். ரவையும் கஜுவும் (முந்திரிப்பருப்பு) போட்டு, கொழும்பின் கொட்டாஞ்சேனை வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் கேக். கஜுவை அரைக்கக் கூடாது, கத்தியால்தான் வெட்ட வேண்டும் என்பது என் சினேகிதி ஜெசிந்தாவின் கட்டளை. செய்முறை அவளுடையது. கேக்குக்காகவே பள்ளிக்கூடம் முடிந்ததும் என் மகள் ஆரணியும் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று கிழமைக் கூட்டமும் (வாராந்தக் கூட்டம்) இருந்தது. கூட்டக் குறிப்பு எழுதுவது ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வரும் வேலை. அன்று என் முறை.

கூட்டத்தில் கொழும்பின் விடயம் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்துக்கு நாங்கள் உதவி செய்கிறோம். டெங்குக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு ஒரு நொதியம் (என்சைம்) வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கட்டுப்படியாகாது. பற்றீரியாவை வளர்த்து அங்கேயே செய்துகொண்டால் பிரச்சினை தீரும். அதற்கான பரம்பரையலகை (இந்தியாவில் மரபணு என்பார்கள்) நாங்கள் அனுப்பியிருந்தோம். அது அங்கே சரிவரவில்லை. புரதம் நிறைய உண்டாகிறது, ஆனால் எல்லாம் கட்டிபட்டுக் குழாயின் அடியில் போய்விடுகிறது. கட்டிபட்ட நொதியம் வேலை செய்யாது.

எங்கள் பேராசிரியர் கெட்ட மனிதர் அல்ல. கொழும்பிலிருந்து வந்த குழாயின் படத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "பரம்பரையலகில் ஒன்றும் இல்லை. இங்கே அருமையாக வேலை செய்கிறதே. அங்கே கையாளும் விதம் போதாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டியது மட்டுமல்ல, கொழும்புக்கும் பிரதி போகும் குறிப்பிலும் எழுதினேன்: கொழும்பு ஆய்வுகூடத்தின் கையாளுகை போதாது.

அந்தக் கொழும்பு ஆய்வுகூடத்தை நடத்துகிறவள் ஜெசிந்தாதான். அவளுடைய கேக்கைத் தின்றுகொண்டே அதை எழுதினேன்.

2

வீட்டுக்குப் போகும் டிராமில் ஆரணி கேட்டாள்.

"அம்மா, உங்களுக்கு அவவைத் தெரியும்தானே?"

"ஆரை?"

"ஜெசி அன்ரியை. நல்லாத் தெரியும்தானே. அவ அப்பிடிக் கவனமில்லாமச் செய்வாவா?"

"இல்லை."

"பிறகு ஏன் தலையாட்டினீங்க?"

அவளுக்குப் பதினேழு வயது. என்னோடு தமிழில் பேசுவதை மூன்று வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டாள். கோபம் வந்தால் ஜேர்மன், பசி வந்தால் ஜேர்மன், கைத்தொலைபேசியைப் பார்த்தபடி சும்மா 'ம்'. அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப நான் போட்ட சண்டைகளையும் அவள் போட்ட சண்டைகளையும் எழுதினால் தனிப் புத்தகமாகும். அந்தப் பிள்ளை அன்று ஒரு வசனம் விடாமல் தமிழில் கேட்டாள். டிராமில் இருப்பவர்களுக்கு விளங்கக் கூடாது என்று நினைத்தாளோ, எனக்கு நன்றாக விளங்க வேண்டும் என்று நினைத்தாளோ தெரியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரிலிருந்து ஒரு பிழை என்று செய்தி வந்தால் போதும், "அங்க அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம். மின்சாரம், தண்ணீர், ஆட்கள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வசனம். அப்படிச் சொல்லும்போது நாங்கள் இங்கத்தைய ஆட்கள் ஆகிவிட்டோம் என்று ஒரு சின்னச் சந்தோஷம் உள்ளுக்குள் இருக்கிறது. மறுப்பவர்கள் மறுக்கட்டும். எனக்கு இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

3

ஜெசிந்தாவும் நானும் கொழும்பில் ஒன்றாக விலங்கியல் படித்தவர்கள். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில். அவள் வீடு கொட்டாஞ்சேனையில். வகுப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து படித்துவிட்டு, பின்னேரம் காலி வீதித் தரிப்பில் 102 பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். நானும் கூட நிற்பேன்.

அந்தத் தரிப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். 100, 101 எல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். ஏறினால் புறக்கோட்டைக்குப் போய், அங்கே மாறி, கொட்டாஞ்சேனை போய்ச் சேரலாம். 102 நேரே போகும், ஆனால் எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஜெசிந்தா 102க்குத்தான் நிற்பாள். பஸ் மாறுவது கரைச்சல் என்பாள். உண்மையான காரணம் கதை முடியாதது என்று இரண்டு பேருக்கும் தெரியும். போர்க்காலம், அடையாள அட்டை இல்லாமல் தெருவில் நிற்க முடியாது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, உப்புத் தூள் போட்ட அன்னாசியைத் தின்றுகொண்டு, காதல், பரீட்சை, வெளிநாடு எல்லாவற்றையும் அங்கே நின்றுதான் பேசினோம். அந்தக் காத்திருப்பு இல்லையென்றால் நாங்கள் சும்மா ஒரே வகுப்பில் படித்த இருவராக இருந்திருப்போம்.

பிறகு எனக்கு இங்கே இடம் கிடைத்தது. அவளுக்கும் கிடைத்திருக்கும், அவள் விண்ணப்பிக்கவில்லை. "எல்லாரும் போனா இங்க இரத்த ரெஸ்ட் ஆர் செய்யிறது?" என்று கேட்டாள்.

4

இனி என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், பஸ் தரிப்பு விளங்கினால் இதுவும் விளங்கும்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி. எதற்குப் பின் எதைக் கோக்க வேண்டும் என்பதைப் பரம்பரையலகு மூன்று மூன்று எழுத்தாகச் சொல்கிறது. அந்த மூன்றெழுத்துத் துண்டுக்குக் கோடோன் என்று பெயர். அமினோ அமிலங்கள் இருபது. கோடோன்களோ அறுபதுக்கும் மேல். ஆகவே அநேகமான அமிலங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோடோன்கள் உண்டு. லியூசின் என்ற ஒன்றுக்கே ஆறு. ஆறில் எதைப் போட்டாலும் லியூசின்தான் வரும். பல காலமாக, எதைப் போட்டால் என்ன என்றுதான் பலரும் நினைத்தோம்.

ஆனால் கலத்துக்குள் இறைபோசோம் என்ற சிறிய இயந்திரம் ஒவ்வொரு கோடோனிலும் தரிக்கிறது. அந்தக் கோடோனுக்கென்று அமிலத்தைச் சுமந்து வரும் மூலக்கூறு வந்தால்தான் அடுத்ததற்கு நகரும். சில கோடோன்களுக்குச் சுமப்பவை ஏராளம், 100 மாதிரி வந்துகொண்டே இருக்கும். சிலவற்றுக்கு 102 கதைதான், இறைபோசோம் காத்து நிற்கும். இதிலே விசேஷம் என்னவென்றால், அது நிற்கும் நேரத்தில், அதுவரை கோத்து முடித்த சங்கிலித் துண்டு சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. தன்பாட்டில் சுருண்டு, மடிந்து, தன் உருவத்துக்கு வருகிறது. சரியான உருவத்துக்கு வந்தால்தான் நொதியம். வராவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபடும்.

கொழும்புக்கு அனுப்பிய பரம்பரையலகை வடிவமைத்தவள் நான். மூலப் பரம்பரையலகு ஒரு பற்றீரியாவுடையது. அதை வளர்ப்பதும் அதற்கு உறவான இன்னொரு பற்றீரியாவில்தான். மந்தமான கோடோன்களை எல்லாம் தேடித் தேடி எடுத்துவிட்டு, அதே அமிலத்துக்கு வேகமான கோடோன்களைப் போட்டேன். கணினி நிரலில் ஒரு பெட்டியில் சரி போட்டால் அதுவே செய்து தரும். ஓர் அமிலம்கூட மாறவில்லை. புரதம் மும்மடங்காக வந்தது. பேராசிரியர் பாராட்டினார். எனக்கும் தலைகால் தெரியாத பெருமை.

5

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெசிந்தாவே அழைத்தாள்.

"எடி சுகந்தி, உங்கட மினிட்ஸ் வந்தது. ஆர் எழுதினது?"

"நான்தான்."

பின்னால் நீர்கொழும்பு வீதிப் பஸ் ஒன்றின் ஹோர்ன் கேட்டது.

"நான் நினைச்சன் உன்ர புரொபெசர் எண்டு. சரி. இப்ப கேள். அடுத்த மாசக் கடைசியில இங்க கமிட்டி கூடுது. நொதியத்தை நாங்களே செய்யிறதா, நிப்பாட்டுறதா எண்டு முடிவெடுப்பினம். உன்ர பேப்பர்தான் ஃபைல்ல முதல் பக்கம். நிப்பாட்டினா என்னைப் பதிவுக் கவுண்டருக்குப் போடுவினம். என்னோட செய்யிற ரெண்டு பிள்ளையளும் வேலையில்லாம வீட்டை போகோணும். விளங்குதா?"

"ஓம்."

"மூண்டு தரம் செய்தனான். மூண்டு தரமும் ஒரே மாதிரிக் கட்டிபட்டது. கை பிழையெண்டா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரிப் பிழைக்கோணும். மூண்டு தரமும் அச்சுக் குத்தின மாதிரிப் பிழைச்சா அது கையில்லையடி. நீ அனுப்பின ஜீன்."

"ஜெசிந்தா, புரதம் ஒண்டுதான். ஒரு அமிலம்கூட மாத்தேல்ல. கோடோன்தான்…"

"ஒண்டு எண்டா ஏன் மாத்தின?"

"கெதியா வரும் எண்டு."

"கெதியா வந்து அடியில போய்க் கிடக்குது. மாத்தாததை அனுப்பு. பழசை. நாங்கள் பாக்கிறம்."

தொலைபேசியை வைத்த பிறகு, நாங்கள் இருவரும் எழுதிய மின்னஞ்சல்களை முதலிலிருந்து வாசித்தேன். எட்டு மாதத்துக்கு முன் அவள் தெளிவாகக் கேட்டிருக்கிறாள்: உங்கள் செய்முறையில் பதினெட்டுப் பாகை வெப்பநிலையில் குலுக்கி வளர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். எங்களிடம் குளிரூட்டிய குலுக்கி இல்லை. முப்பது பாகைக்குக் கீழே இறக்க முடியாது. என்ன செய்வது?

என் பதில் ஒரே வரி. "பரவாயில்லை, முப்பதில் செய், அளவு கொஞ்சம் வித்தியாசப்படும், அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினெட்டுப் பாகைக் குளிரில் கலத்தின் வேலைகள் எல்லாம் மெதுவாகும், இறைபோசோமும் மெதுவாகும். நான் பிடுங்கி எறிந்த தரிப்புகளை எங்கள் குளிர் இயந்திரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் என் பிழை இங்கே தெரியவில்லை. கொழும்பில் மறைக்க ஓர் இயந்திரம் இல்லை, பிழை அப்படியே வெளியில் வந்தது.

6

நினைத்தது சரியா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை எங்கள் குலுக்கியை முப்பதில் வைத்தேன். ஒரு குடுவையில் என் வேகமான வடிவம், இன்னொன்றில் உறைபெட்டியின் அடியில் கிடந்த பழைய, மாற்றாத வடிவம். செய்தது ஜேர்மனியில், நல்ல தண்ணீரில், ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்காமல், இருபது வருடம் பழகிய இந்தக் கையால். வேகமானது கட்டிபட்டு அடியில் போனது. ஜெசிந்தாவின் படமும் என் படமும் பக்கத்தில் வைத்தால் எது எவருடையது என்று சொல்ல முடியாது. பழையதோ அளவில் குறைவாக வந்தது, ஆனால் கரைந்து நின்றது. நொதியமாக வேலையும் செய்தது.

மறுபடி செய்தேன். மறுபடியும் அதே. மந்தமான கோடோன்களை மூன்று இடத்தில் மட்டும் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் ஆசை இருந்தது. எல்லா மந்தமும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் காரியம். ஆனால் அதற்கு நேரமில்லை. கமிட்டி கூடப் போகிறது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு படத்தையும் போட்டுக் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுவாரசியம்" என்றார். "பழைய வடிவத்தை அனுப்பிவிடுங்கள். அவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது."

"சென்ற குறிப்பைத் திருத்த வேண்டும்" என்றேன்.

"அது முடிந்துபோன விடயம். எதற்கு?"

"பிழை கொழும்பின் கையில் என்று அதில் இருக்கிறது. பிழை என் வடிவமைப்பில். முப்பதில் வளர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்ததும் நான். பெயரோடு போட வேண்டும்."

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, சுகந்தி. இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை."

இருபது வருடமாக நான் இந்த மேசையில் ஒருவரையும் எதிர்த்துப் பேசியதில்லை. ஒப்பந்தம், விசா, அடுத்த ஒப்பந்தம், வீட்டுக்கடன் என்று எப்போதும் ஒரு காரணம் இருந்தது. அன்று குரல் தானாக உயர்ந்தது. என் ஜேர்மனில் இலக்கணம் எல்லாம் சிதறியது, சிதறட்டும் என்று விட்டேன்.

"கொழும்பின் பிழை என்று நினைத்தபோது எழுதினோம். அப்போது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது என் பிழை. இதையும் எழுதுங்கள். எழுதும்வரை நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்."

அன்று குறிப்பெழுதும் முறை ஓர் இளம் மாணவியுடையது. அவள் பேராசிரியரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். பேராசிரியர் தடுக்கவில்லை.

7

டீ.என்.ஏயைத் தபாலில் அனுப்புவது சுலபம். வடிதாளில் ஒரு துளி விட்டு, காயவைத்து, அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுக் கடித உறையில் வைத்துவிடலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் வட்டத்தை வெட்டி நீரில் ஊறவைத்தால் சரி. ஆனால் ஜேர்மனியில் ஒரு கடதாசியை அனுப்ப எட்டுக் கடதாசி வேண்டும். சட்டப் பிரிவின் ஒப்பந்தம், அபாயமற்றது என்ற உறுதிமொழி, பெறுமதிப் பத்திரம். பெறுமதி என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று ஒரு மத்தியானம் முழுவதும் மூன்று அலுவலகங்கள் என்னை மாறி மாறி அனுப்பின. திருத்திய கூட்டக் குறிப்பையும் அதே உறையில் வைத்தேன்.

கொழும்பில் உறையைப் பெற ஜெசிந்தா நேரே போக வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் வடிதாளை வெளிச்சத்தில் பிடித்து, "மொக்கத மே?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாராம்.

"நிக்கங் கடதாசியக், மல்லி", சும்மா ஒரு கடதாசி தம்பி என்று சொல்லி அனுமதிக் கடிதங்களை நீட்டியிருக்கிறாள். சும்மா ஒரு கடதாசியை யாராவது ஜேர்மனியிலிருந்து அனுப்புவார்களா என்று அவருக்குச் சந்தேகம். "என்ர சினேகிதிக்குக் கடிதம் எழுதப் பஞ்சி, சோம்பேறி, அதுதான் வட்டம் மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறாள் எண்டு சிங்களத்தில சொன்னன், மனுசன் சிரிச்சுப்போட்டு முத்திரை குத்தினது" என்றாள்.

பத்து நாளில் படம் வந்தது. தெளிந்த குழாய், அடியில் ஒன்றும் இல்லை. முப்பது பாகையில், சாதாரண குலுக்கியில், இடையில் ஒருமுறை மின்சாரம் நின்று வந்த பிறகும். அதன் கீழே ஒரே வரி: என்ர கையைப் பார்.

கமிட்டிக்கு அவள் இரண்டு குறிப்பையும் கொண்டுபோனாள். பழையதைக் கிழித்துவிடு என்று நான் கெஞ்சினேன். "ஏன் கிழிக்கோணும்? ரெண்டையும் பக்கத்தில வச்சு வாசிக்கட்டும்" என்றாள். வாசித்தார்கள். தொடர்ந்து செய்யச் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகளும் வேலையில் இருக்கிறார்கள்.

அன்று சாப்பிடும்போது ஆரணியிடம் சொன்னேன். கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்ப இனி ஜெசி அன்ரியின்ர கேக் சாப்பிடலாம்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

8

எங்கள் ஆய்வுகூடச் சுவரில் செய்முறைத் தாள்கள் ஒட்டியிருக்கும். இந்த நொதியத்தின் தாளைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டினேன். மாற்றாத வடிவம், முப்பது பாகை, குளிரூட்டல் தேவையில்லை. யார் உருவாக்கிய முறை என்ற கட்டத்தில் ஜெசிந்தாவின் பெயரையும் கொட்டாஞ்சேனை என்ற ஊரின் பெயரையும் முழுதாக எழுதினேன். குளிர் இயந்திரத்தை நிறுத்தி இப்போது மூன்று மாதம். மின்சாரம் மிச்சம் என்று பேராசிரியருக்கும் சந்தோஷம்.

சென்ற கிழமை புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அந்தத் தாளின் முன் வெகுநேரம் நின்றான். ஊரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்தான்.

"முப்பது பாகையிலா? குளிர் இல்லாமலா? இங்கே இது சரிவருமா?" என்று கேட்டான்.

"கொழும்பில் சரிவந்த பிறகுதான் இங்கே ஒட்டினோம்" என்றேன்.